பெருங்காய வீட்டுப் பகல் பாம்பு

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் மட்டாஞ்சேரியில் யாரும் தெருப் பெயர் சொல்வதில்லை. பஜாரில் அரிசி மண்டிகளைத் தாண்டிய பிறகு மூக்கை நம்பி நடக்கச் சொல்வார்கள். எங்கே ரசம் கொதிக்கிற வாசனை வருகிறதோ அதுதான் வீடு. கூட்டுப் பெருங்காயம் செய்து விற்கிற குடும்பம் எங்களுடையது. என் கணவரின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து தொடங்கியது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, நடுவில் வெயில் விழுகிற முற்றம், மாடியில் நாங்கள். திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் என் தலைமுடி, புடவை, காப்பித் தம்ளர் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிக்கொண்டது. ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி, "கைல சாம்பார் கொண்டு போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது எனக்கே என் வாசனை தெரிவதில்லை.

பட்டறை என் கணவருடைய அக்காவின் ராஜ்ஜியம். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பா காலமானதும் தொழிலை ஏற்றுக்கொண்டவர். என் கணவர் ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய்ச் சரக்குப் போடுவார். வீட்டில் எனக்கும் மதினிக்கும் ஏதாவது வாக்குவாதம் வந்தால் அப்போது மட்டும் அவருக்கு ஒரு அவசர டெலிவரி இருக்கும்.

பெருங்காயத்தைவிட மதினிக்குப் பெரிய பெருமை ஒன்று உண்டு. மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக்குள் ஒரு பாம்பு வந்ததில்லை. காயத்தின் நெடிக்குப் பாம்பு கிட்டவே வராது என்பது அவர் கட்சி. மழைக்காலம் தொடங்கும் முன் காயம் பிசைகிற பெரிய பாத்திரத்தைச் சுரண்டி, சுரண்டியதைத் தண்ணீரில் கரைத்து, குப்பிகளில் ஊற்றிச் சந்து முழுக்க இலவசமாகக் கொடுப்பார். காயவெள்ளம் என்று அதற்குப் பெயர்; இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள். வாங்குகிறவர்கள் வாசலிலும் பின்கட்டிலும் அதைத் தெளித்துவிட்டு, வருஷம் முழுவதும் நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஒரு வாரம் மதினி நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

எனக்கு அதில் ஒரு வழக்கும் இருந்ததில்லை, அந்த மே மாதம் வரை.

காலை பதினொரு மணி. வில்லை போட்ட காயத்தைத் தட்டுகளில் பரப்பி முற்றத்தில் காய வைத்துக்கொண்டிருந்தேன். விறகு அடுக்கியிருந்த மூலையிலிருந்து ஒன்று வெளியே வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, என் மணிக்கட்டு கனத்தில், வந்துகொண்டே இருந்தது. தலை முற்றத்தின் நடுவில் இருக்கும்போது வால் இன்னும் விறகுக்குள் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் தட்டு ஒரு பக்கம், வில்லைகள் ஒரு பக்கம். பழைய ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். எப்படி ஏறினேன் என்று இன்று வரை தெரியாது. மதினி வந்து பார்க்கும்போது அது சாக்கடைத் துவாரத்தில் நுழைந்து போயிருந்தது.

"பாம்பா? இங்கயா?" என்றார்.

"ஆமா மதினி, இம்மாம் பெருசு."

"மணி என்ன?"

"பதினொண்ணு."

"பகல்ல பாம்பு எறங்காது. அதோட சமயம் ராத்திரியாக்கும். பின்ன, நம்ம வீட்டுல அது ராத்திரியும் வராது. ஓணானைக் கண்டிருப்ப. எறங்கி வா."

ஆறடி ஓணானை நான் திண்டுக்கல்லிலும் பார்த்ததில்லை.

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. நீ தப்பு என்று சொன்னால் பொறுத்துக்கொள்வேன். நீ பார்க்கவே இல்லை என்று சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாளிலிருந்து காலை வேலைகளை மாடி ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டேன். காய் நறுக்குவதும் அங்கேதான், சாயா குடிப்பதும் அங்கேதான். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. கேஸ் வந்த தேதியை மதினி அதில் மலையாளத்தில் எழுதுவார். அதே கட்டங்களில் நான் நேரங்களைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். வெளியே வந்தது 10.40. மறுநாள் 10.25. மேகமூட்டமான நாளில் வரவில்லை. அடுத்த நாள் 11.10, விறகின் மேல் வெயில் காய்ந்தது அரை மணி. திரும்பி உள்ளே போனது 3.30. இன்னொரு நாள் 3.50. மூன்று வாரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முற்றத்தில் வெயில் விழுந்து கல் சூடேறியதும் வரும். நாலு மணிக்குள் போய்விடும். அதற்கு மேல் ஒரு நாளும் வெளியே பார்த்ததில்லை. என் கணவரைவிட ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தது.

கடைசியில் மதினி ஒரு நாள் பார்த்தேவிட்டார். அவர் முற்றத்தைக் கடக்கும்போது அது எதிரே வந்தது, வாயில் ஒரு பெருச்சாளிக் குட்டியோடு. காயத்தில் கலக்க வாங்கி வைத்திருந்த மைதா மூட்டைகளை ஓட்டை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒன்று. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இன்றாவது என்னிடம் வந்து ஆமாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சேரயா!" என்றார் மதினி மேலே பார்த்து. சாரைப்பாம்புக்கு இங்கே சேர என்று பேர். "சேரன்னு முன்னமே சொல்ல வேண்டாமா? சேர பாம்புக் கணக்குல வராது, கேட்டியா."

ஆக, மூன்று தலைமுறைப் பெருமைக்கு ஒரு கீறலும் விழவில்லை. அன்றிலிருந்து அது வீட்டு ஆள். வழியில் படுத்திருந்தால் மதினி தென்னங்குச்சித் துடைப்பமான ஈர்க்குமாறின் கட்டைப் பக்கத்தால் தரையைத் தட்டி, "போ, போ, எலி அந்தப் பக்கம்" என்று விரட்டுவார். அதுவும் சோம்பலாக நகரும். எனக்கும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சாக்கடைத் துவாரத்தின் மறுபக்கம் பின்வீட்டின் முற்றம். அங்கே ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவனுக்குப் படகுத் துறையில் வேலை; வீடு திரும்ப ஒன்பது மணியாகும். அவளும், தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தையும். சாயங்காலம் காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து போட்டு, படியில் குழந்தையை உட்கார்த்தி, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு அவள் சமைப்பாள். குழந்தை கரண்டியால் படியை அடித்துக்கொண்டே இருக்கும். சில நாள் படியிலிருந்து இறங்கி சாக்கடை ஓரம் வரை தவழ்ந்து வரும். கேட்டால், "சேச்சியுடெ காயவெள்ளம் உண்டல்லோ" என்பாள், அக்காவின் காயத் தண்ணீர்தான் இருக்கிறதே என்று. மதினியின் குப்பிதான் அவள் வீட்டுக் கதவு.

சாரை வருகிற வழியில் வேறொன்று வராது என்று யார் சொன்னது? எடவப்பாதி என்று இங்கே சொல்கிற பருவமழை நெருங்கியது. மதினி பாத்திரத்தைச் சுரண்ட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மதினி, இந்தத் தடவை பின்வீட்டுக்காவது உண்மையச் சொல்லிடுவோம். காயத்துக்குள்ளயே ஒண்ணு நடமாடுதுல்ல."

"அது சேர."

"சேரக்கு மூக்கு இல்லையா? அதுக்கு நாறாதது மத்ததுக்கு மட்டும் நாறுமா?"

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். கோபம் வந்தால் மதினிக்குத் தாத்தா அப்பூப்பன் ஆகிவிடுவார், வருஷம் கொல்லமாகிவிடும். "எங்க அப்பூப்பன் காலத்துலேருந்து கொடுக்கறோம். ஒரு வீட்டுலயும் ஒண்ணும் ஆனதில்ல. நீ வந்து பத்துக் கொல்லமாச்சு, இப்போ உனக்கு விவரம் கூடிப்போச்சா? சும்மா இரி."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சத்தியமாக நம்பினார். பைசா வாங்காமல், கை எரிய எரியச் சுரண்டிக் கொடுத்தது அந்த நம்பிக்கையால்தான். அதனாலேயே என்னால் மேலே வாதாட முடியவில்லை.

பின்வீட்டுக் குப்பியை என் கையில்தான் கொடுத்தனுப்பினார். அவள் அப்போதே மூடியைத் திறந்து, படி நெடுக, வாசல் நெடுக ஒரு கோடு மாதிரி ஊற்றினாள். குழந்தை அந்த நெடிக்குத் தும்மியது. "இனி பேடிக்கண்டல்லோ, சேச்சீ?" என்று கேட்டாள். இனிப் பயப்பட வேண்டாமே என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பொதுவாக ஒரு ஆட்டு. வாக்குவாதத்தில் ஆறு ஊருக்குக் கேட்கிற என் வாய் அன்றைக்கு எங்கே போனது? வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் படபடவென்று போட்டுக் கழுவினேன். என் மேல்தான் கோபம். வெட்கமாக இருந்தது.

மழை தொடங்கி மூன்றாம் நாள். விடாமல் கொட்டியது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வெயில் இல்லாததால் சாரை வரவே இல்லை. காலண்டரில் மூன்று கட்டங்கள் காலி. சாயங்காலம் ஏழு மணி இருக்கும், கரண்ட் போனது. மதினி பட்டறையில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். நான் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே போகும்போது மைதா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்.

"மழைக்கு உள்ள கேறியிட்டுண்டு" என்றார் மதினி, சாரைதான் உள்ளே ஏறியிருக்கிறது என்று, சாதாரணமாக. ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டார். எப்போதும் போல, மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் தட்டுவதற்குக் குனிந்தார்.

"மதினி, வேண்டாம். மணி ஏழு."

"அதுக்கென்ன?"

"நம்ம ஆளு நாலு மணிக்கு மேல வெளிய வராது. இது வேற."

"மழையில்ல? சமயம் தப்பியிருக்கும்."

இரண்டாவது தடவையாக 'உஸ்'. அவர் கை உள்ளே போகப் பார்த்தது. சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், இழுத்தது என் முழு பலத்தில். மதினி பின்பக்கமாக, அவிழ்த்து வைத்திருந்த மைதா மூட்டையில் போய் உட்கார்ந்தார். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. "உனக்குப் பிராந்தா?" என்று கத்தினார், பைத்தியமா என்று. நான் டார்ச்சை மூட்டைகளுக்குப் பின்னால் அடித்தேன்.

படம் எடுத்து நின்றது. நல்ல பாம்பு. மதினியின் கை போக இருந்த இடத்துக்கு ஒரு முழ தூரம் இருக்கும். அது சுருண்டிருந்த இடம் அசல் காயம் வைத்திருந்த கோணிப் பை. வெளிநாட்டிலிருந்து வருகிற, இன்னும் கலக்காத, பையைப் பிரித்தால் நமக்கே கண்ணில் தண்ணீர் வருகிற சரக்கு. அதன் மேல் சௌகரியமாகப் படுத்திருந்தது.

"மூர்க்கன்" என்றார் மதினி. நல்ல பாம்புக்கு இங்கே அதுதான் பேர்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, அடியில் சாக்கை அடைத்துவிட்டு, என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு ஆளைப் பிடித்து அனுப்பினார். பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். பாம்பு பிடிக்க வனத்துறை லைசென்ஸ் வைத்திருந்தார். "அனங்கல்லே" என்றார் எங்களைப் பார்த்து, அசையாதீர்கள் என்று. ஒரு கொக்கி, ஒரு குழாய், குழாயின் முனையில் கட்டிய துணிப்பை, அவ்வளவுதான் ஆயுதம். பொந்து என்று நினைத்து அது குழாய்க்குள் தானாகவே போனது. நான் எதிர்பார்த்த சண்டை எதுவும் நடக்கவில்லை.

பையை முடிச்சுப் போட்டவரிடம் என் காலண்டர் கதையைச் சொன்னேன். கொஞ்சம் மார்தட்டிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். சாரை பகல் ஆள்தான், அது சரி. மூர்க்கன் பெரும்பாலும் அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் இறங்கும். விரியன் வகையெல்லாம் ராத்திரி. ஆனால் இதை நம்பி உட்காராதீர்கள் என்றார். மழையில் பொந்துக்குள் தண்ணீர் ஏறினால் எல்லாமே எந்த நேரத்திலும் வெளியே வரும். தவளை கத்துகிற இடத்துக்கு அது வரும், எலி இருக்கிற இடத்துக்கு அது வரும். "நேரம் நோக்கி வரான் அதெந்தா, பஸ்ஸாணோ?" என்று சிரித்தார், நேரம் பார்த்து வர அது என்ன பஸ்ஸா என்று.

காயத்தை நம்பினவருக்கும் அடி, கடிகாரத்தை நம்பினவளுக்கும் அடி. என் மூன்று வார ஆராய்ச்சி சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அது சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

போகும் முன் அவர் சாக்கடைத் துவாரத்தைக் குனிந்து பார்த்தார். வந்த வழி இதுதான், வலை அடியுங்கள் என்றார். பிறகு, "அப்புறத்து ஆரா?" என்று கேட்டார், அந்தப் பக்கம் யார் என்று.

நான் மதினியைப் பார்த்தேன். முகத்தில், புருவத்தில், தலையில் எல்லாம் மைதாவோடு அந்த மூட்டையிலேயே மறுபடி உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பாலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. கரண்டி படியில் படுகிற சத்தம். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் தெளிவாகவே கேட்டது.

மதினி எழுந்தார். முகம்கூடக் கழுவவில்லை. சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பின்வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது. குழந்தை படியில். மதினி முதலில் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மைதா முகத்தைப் பார்த்து அது அழக்கூட இல்லை, கரண்டியால் அவர் தோளில் ஒன்று போட்டது. அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மதினி பேசியது மலையாளத்தில்தான். எனக்கு அது தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

"நான் தந்த குப்பி எங்க?"

அவள் எடுத்து வந்தாள். பாதி மிச்சம் இருந்தது. மதினி மூடியைத் திறந்து அதை மழைத் தண்ணீரில் கவிழ்த்தார்.

"இது சும்மா தண்ணி. என் வீட்டுல மூர்க்கன் காய மூட்டை மேல படுத்துக் கிடந்தது. இதை நம்பிக் கதவைத் திறந்து போடாதே. நாளைக்கு நானே ஆள் வச்சு வலை அடிச்சுத் தரேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவை அடைத்தாள்.

திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். மதினி அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அதற்கடுத்த வீட்டுக்கு. குப்பி கொடுத்த எல்லா வீட்டுக்கும் போனார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மழையில் மைதா கரைந்து கன்னத்தில் கூழாக வழிந்தது. ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில் வயசான ஒருத்தர், அப்போ உங்க அப்பூப்பன் சொன்னது என்று இழுத்தார். மதினி அவரை நேராகப் பார்த்தார்.

"அதுவும் தப்பாக்கும். மூணு தலைமுறையா தப்பாச் சொல்லிட்டோம்."

கடைசி வீட்டில், இத்தனை நாள் கழித்து இப்போது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள்.

"இவ சொன்னா" என்று என்னைக் காட்டினார். "ஒரு மாசம் முன்னாலயே சொன்னா. நான்தான் கேக்கல்ல."

நான் குடையைச் சரியாகப் பிடிக்கிறேனா என்று மேலே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தவளும் நான்தானே. அதை இந்த மனுஷி யாரிடமும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்த பிறகு சாரை தன் நேரத்துக்கு வர ஆரம்பித்தது. வலை அடித்திருந்ததால் அது இப்போது விறகுக்கும் சுவர் மேட்டுக்குமாகப் போய் வந்தது. பத்தே முக்காலுக்குப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் காலண்டரில் எழுதப் போனேன். நான் காலியாக விட்டிருந்த கட்டங்களில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. வலை அடித்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தை. என் மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'அடச்சு' என்று இருந்தது, அடைத்தாயிற்று என்று.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு மதினி சொல்லாமல் கொள்ளாமல் வெளியே கிளம்புவதைப் பார்த்தேன். மாடி ஜன்னலுக்கு ஓடினேன். மதினி பின்வீட்டுப் படிக்குப் போய், கதவைக் கையால் தள்ளிப் பார்த்து, அடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பி நடந்தார்.